பூனைக்குப் பச்சைக்கறி: மாற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாக்கெட் உணவிலிருந்து பச்சைக்கறிக்கு, அதாவது சமைக்காத இறைச்சிக்கு, மாற நினைக்கும் பூனை வளர்ப்பவர்களுக்காக எழுதியது. பச்சைக்கறியே அமுதம் என்று சொல்பவர்களும் உண்டு, விஷம் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டு கட்சியிலும் நான் இல்லை. ஆனால் எனக்கென்று ஒரு கருத்து இருக்கிறது, அது போகப் போகத் தெரியும்.

பச்சைக்கறி உணவு என்றால் சரியாக என்ன? கசாப்புக் கடையில் வாங்கி அப்படியே போடுவதா?

இல்லை. பூனை ஓர் எலியைப் பிடித்தால் சதையை மட்டுமா தின்கிறது? எலும்பு, ஈரல், இதயம், ரத்தம் எல்லாம் சேர்ந்துதான் உள்ளே போகிறது. அந்தக் கலவையைச் சமைக்காமல் கிண்ணத்தில் கொண்டுவர முயல்வதுதான் பச்சைக்கறி உணவு. சதை 80 பங்கு, தின்னக்கூடிய எலும்பு 10 பங்கு, உள்ளுறுப்பு 10 பங்கு (அதில் பாதி ஈரல்) என்று ஒரு கணக்கு வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆரம்பிக்க நல்ல கணக்குதான், ஆனால் அதை மட்டும் பின்பற்றினால் எல்லாச் சத்தும் கிடைத்துவிடாது.

இதற்கு மாறுவதால் உண்மையிலேயே பலன் உண்டா?

உண்டு. ஆனால் அந்தப் பலனில் பெரும்பகுதி கறி பச்சையாக இருப்பதால் வருவதல்ல. உலர் உணவில் ஈரப்பதம் நூற்றுக்குப் பத்துதான். கறியில் எழுபதுக்கு மேல். பூனையின் மூதாதை பாலைவனத்துக் காட்டுப்பூனை. இரையிலிருந்தே தண்ணீரை எடுத்துப் பழகிய உடம்பு, தாகம் எடுத்தாலும் கிண்ணத்தைத் தேடிப் போய்ப் போதுமான அளவு குடிக்காது. கறியோ ஈர உணவோ கொடுத்தால் சிறுநீர் நீர்த்துப் போகும். குறிப்பாகக் கடுவன் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல்லும் அடைப்பும் வரும் வாய்ப்பு குறையும். மாவுச்சத்து குறைவதால் எடையையும் கட்டுக்குள் வைக்கலாம். மலம் அளவிலும் நாற்றத்திலும் குறையும். அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்களுக்கு இந்த ஒன்றே போதும்!

இவை அத்தனையும் நல்ல ஈர உணவிலும், வேகவைத்துச் சத்துப்பொடி கலந்த கறியிலும் கிடைக்கும். பச்சையாக இருந்தால்தான் கிடைக்கும் என்று சொல்லப்படும் 'உயிர்ச்சத்து', 'என்சைம்' கதைகளுக்கு ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதமும் மீன் தலையும் தின்றே பத்து வருஷம் இருந்தது. இவ்வளவு கணக்கு தேவையா?

பாட்டி வீட்டுப் பூனை தயிர்சாதத்தில் வாழவில்லை. பகலில் திண்ணையில் தயிர்சாதம், ராத்திரி வைக்கோல்போரில் எலி, ஓட்டுக்கூரையில் பல்லி, தோட்டத்தில் ஓணான். அதன் உண்மையான சாப்பாடு உங்கள் பாட்டிக்குத் தெரியாமல் நடந்தது. மூன்றாவது மாடியில் ஜன்னலுக்கு வலை அடித்த வீட்டில் இருக்கும் பூனைக்கு நீங்கள் வைப்பதைத் தவிர வேறு கிடையாது. வைப்பதில் ஒரு சத்து குறைந்தால் அது குறைந்ததுதான். அந்தக் காலத்தில் எத்தனை குட்டிகள் ஆறு மாதம் தாண்டாமல் போயின என்பதையும் யாரும் எண்ணி வைக்கவில்லை.

அப்படியானால் நீங்கள் என்னதான் சொல்கிறீர்கள்? பச்சையா, வேகவைத்ததா?

என் கருத்து: நம் ஊர்ச் சூட்டில், நம் கறிக்கடை முறையில், பெரும்பாலான வீடுகளுக்கு வேகவைத்த கறியோடு முழுமையான சத்துப்பொடி கலந்து கொடுப்பதே சரி. பச்சைக்கறியில் கிடைக்கும் நல்லதெல்லாம் ஏறத்தாழ இதிலும் கிடைக்கும், கிருமி பயம் இல்லை. அதையும் செய்ய நேரமில்லை என்றால் 'முழுமையான உணவு' என்று அச்சிட்ட ஈர உணவுப் பாக்கெட் போதும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைச் சொன்ன பிறகும் பச்சைதான் கொடுப்பேன் என்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் அரைகுறையாகச் செய்யாமல் ஒழுங்காகச் செய்யட்டும் என்றுதான் கீழே உள்ள மற்ற பதில்கள்.

யார் வீட்டில், எந்தப் பூனைக்குக் கொடுக்கவே கூடாது?

வீட்டில் கர்ப்பிணி, ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை, முதியவர், கீமோ எடுப்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவர் யாராவது இருந்தால் பச்சைக்கறி வேண்டாம். பூனை தன் வாயால் உடம்பை நக்கும், அந்த உடம்பைத்தான் குழந்தை கட்டிக்கொள்ளும்.

பூனைகளில்: குட்டிகள், சினைப் பூனைகள், எஃப்ஐவி (பூனையின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) அல்லது லுக்கீமியா வைரஸ் உள்ளவை, ஸ்டீராய்டு எடுப்பவை. சிறுநீரகக் கோளாறு உள்ள பூனைக்கு இது அறவே கூடாது. எலும்போடு சேர்ந்த கறியில் பாஸ்பரஸ் அதிகம், சிறுநீரகம் தாங்காது. வயதான பூனையை மாற்றுவதற்கு முன்பு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

கோழி நெஞ்சுக்கறி மட்டும் கொடுக்கிறேன். என் பூனை விரும்பித் தின்கிறது. போதாதா?

போதாது. இந்த விஷயத்தில் கிருமியை விட எனக்குப் பெரிய பயம் இதுதான். கிருமி வந்தால் ரெண்டு நாளில் தெரியும். சத்துக்குறைவு மாதக்கணக்கில் சத்தமில்லாமல் ஏறும்.

முதலில் கால்சியம். நூறு கிராம் எலும்பில்லாத கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம் இருக்கும், கால்சியம் பத்தைச் சுற்றித்தான். பூனைக்கு இரண்டும் ஏறத்தாழ சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாக இருக்கவேண்டும். வெறும் கறி தின்னும் குட்டியின் உடம்பு, ரத்தத்தில் குறையும் கால்சியத்தைத் தன் எலும்பிலிருந்தே உருவி எடுக்கும். நன்றாகக் கொழுகொழுவென்று இருக்கும் குட்டி கட்டிலிலிருந்து குதிக்கத் தயங்கும், பின்னங்காலை இழுக்கும், இடுப்பில் கை வைத்தால் கத்தும். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பு பேப்பர் மாதிரித் தெரியும். 'தினமும் சிக்கன்தான் போடறோம் டாக்டர், எப்படி சத்துக்குறைவு வரும்?' என்று அப்போது கேட்பார்கள்.

இரண்டாவது டாரின் என்ற அமினோ அமிலம். நாய் தன் உடம்பிலேயே இதைத் தயாரித்துக்கொள்ளும், பூனையால் தேவையான அளவு முடியாது. 1975ல் டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடுகிறது என்று கண்டுபிடித்தார்கள். 1987ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியான் குழுவினர், இதயத் தசை தளர்ந்து வீங்கிப்போன பூனைகளுக்கு டாரின் கொடுத்து அந்த நோயைத் திருப்பிக் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றதோ, அன்றைய கணக்குப்படி 'முழுமையானது' என்று விற்ற கம்பெனி உணவு. அதற்குப் பிறகுதான் பூனை உணவு தயாரிப்பாளர்கள் டாரின் அளவைக் கூட்டினார்கள். கோழியில் நெஞ்சுக்கறியை விடத் தொடைக்கறியில் டாரின் அதிகம், இதயத்தில் இன்னும் அதிகம். நாம் 'நல்ல பீஸ்' என்று பார்த்து வாங்குவது பூனைக்கு மட்டமான பீஸ்.

பச்சைக்கறி ஆதரவாளர்கள் பாட்டெங்கர் பூனைகளைப் பற்றிச் சொல்வார்கள். பிரான்சிஸ் பாட்டெங்கர் என்ற அமெரிக்க மருத்துவர் 1932 முதல் 1942 வரை நூற்றுக்கணக்கான பூனைகளைப் பார்த்து, சமைத்த கறி தின்ற பூனைகள் தலைமுறை தலைமுறையாக நலிந்தன, பச்சைக்கறி தின்றவை செழித்தன என்று எழுதினார். பார்த்தது பொய்யல்ல. ஆனால் பூனைக்கு டாரின் அவசியம் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. சமைக்கும்போது டாரின் சாறோடு வெளியே போய்விடும். சாறையும் சேர்த்துக் கொடுத்து, மேலே டாரின் தூளும் கலந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

எலும்பு கொடுக்கலாமா? தொண்டையில் சிக்காதா?

சமைத்த எலும்பு எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. அது ஊசி ஊசியாகப் பிளக்கும். சாப்பிட்டுவிட்டு இலையோரம் ஒதுக்கும் குழம்பு எலும்பில் கூடுதலாக வெங்காயம், பூண்டு வேறு இருக்கும். இரண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையான கோழிக் கழுத்து, இறக்கை நுனி, காடை ஆகியவற்றின் எலும்பு மிருதுவானது, பெரும்பாலான பூனைகள் பக்கவாட்டுப் பற்களால் கரகரவென்று கடித்துத் தின்னும். ஆனால் சிறுவயதிலிருந்து மொறுமொறு உலர் உணவு உருண்டை மட்டுமே தின்ற பூனைக்குக் கடிக்கத் தெரியாது, விழுங்கப் பார்க்கும். அதற்கு எலும்பைக் கொடுத்துப் பரீட்சை பார்க்காமல் முட்டைஓட்டுத் தூள் கலந்துவிடுங்கள். ஓட்டைக் கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்ஸியின் சின்ன ஜாரில் மாவாக அரைத்துச் சலித்துக்கொண்டால் முடிந்தது. பற்களில் நெருடக்கூடாது, அதுதான் பதம்.

ஒரு கிலோவுக்கு என்னென்ன, எவ்வளவு?

இது கைக்கணக்குதான், மருத்துவச் சீட்டு அல்ல. எலும்பில்லாத தொடைக்கறி தோலோடு 850 கிராம், கோழி இதயம் 100, ஈரல் 50. முட்டைஓட்டுத் தூள் ஒரு டீஸ்பூன், எடை போட்டால் 5 முதல் 6 கிராம் இருக்கும். டாரின் தூள் 2 கிராம். கறியை எலும்போடு அரைக்கிறீர்கள் என்றால் முட்டைஓடு வேண்டாம், இல்லாவிட்டால் கால்சியம் இரட்டிப்பாகும்.

ஈரலைக் கூட்டாதீர்கள். பூனை ஈரல் என்றால் உயிரை விடும், நாமும் 'ரத்தம் ஊறும்' என்று சந்தோஷமாகப் போடுவோம். வைட்டமின் ஏ அளவுக்கு மிஞ்சினால் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிப்போகும். தலையைத் திருப்ப முடியாத, தன் முதுகை நக்கிச் சுத்தம் செய்ய முடியாத பூனை ஆகிவிடும்.

இதோடு வைட்டமின் ஈ, பி காம்ப்ளெக்ஸ், துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின், மீன் எண்ணெய் எல்லாம் வேண்டும். தனித்தனியாக மருந்துக் கடையில் வாங்கிக் குழப்பிக்கொள்வதை விட, பூனைக்கென்றே தயாரான சத்துக்கலவைப் பொடியை வாங்கி, அதன் டப்பாவில் எழுதியிருக்கும் அளவுப்படி கலப்பது நல்லது. அப்போது மேலே சொன்ன முட்டைஓடு, டாரின் கணக்கும் அந்த டப்பா சொல்வதுதான். சில பொடிகளில் ஈரல்கூட அடக்கம். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். டேவிஸ் பல்கலைக்கழகத்தினர் புத்தகங்களிலும் இணையத்திலும் இருந்து 114 வீட்டுப் பூனை உணவுச் செய்முறைகளைத் திரட்டி ஆராய்ந்து 2019ல் வெளியிட்டார்கள். தேவையான சத்து அத்தனையும் நிறைவாக உள்ளது என்று அதில் ஒன்றுகூடத் தேறவில்லை. மேலே நான் கொடுத்ததும் பொடி இல்லாமல் தேறாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு வைப்பது?

நாலு கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு 120 முதல் 160 கிராம். இரண்டு வேளையாகவோ மூன்று வேளையாகவோ. பிறகு பூனையைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படவேண்டும், கண்ணுக்குத் தெரியக்கூடாது.

நம் ஊரில் பூனை என்றாலே மீன்தானே? பச்சை மீன் கொடுக்கலாமா?

பச்சையாக வேண்டாம். மத்தி, நெத்திலி வகையறாவைச் சேர்ந்த பல மீன்களில் தயமினேஸ் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அது தயமினை, அதாவது வைட்டமின் பி1ஐச் சிதைத்துவிடும். தினமும் பச்சை மீன் தின்னும் பூனைக்குச் சில வாரங்களில் நடை தள்ளாடும், கண்மணி விரிந்தே நிற்கும், தலையைத் தூக்க முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி கழுத்து தொங்கும், பிறகு வலிப்பு வரும். கழுத்து தொங்கியதைப் பார்த்த அன்றே மருத்துவரிடம் போனால் தயமின் ஊசியில் பெரும்பாலும் மீண்டுவிடும். வேகவைத்தால் தயமினேஸ் அழிந்துவிடும், ஆகவே வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்துக் கொடுங்கள்.

அவித்ததாயினும் தினமும் மீனே என்றால் வேறு தொல்லை. கொழுப்பு மீன்களைத் தொடர்ந்து தின்று வைட்டமின் ஈ குறைந்த பூனைக்கு உடம்புக் கொழுப்பு மஞ்சளித்துக் கட்டிதட்டி, தொட்டாலே வலிக்கும். சூரைமீன் மட்டும் கொடுப்பவர்கள் கவனிக்கவும். கருவாடு வேண்டாம், அது முழுக்க உப்பு.

ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி?

மாட்டு இதயம் மலிவு, டாரினும் நிறைய. ஆட்டுக்கறியில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால் நன்றாக உறையவைக்காமல் பச்சையாகக் கொடுக்காதீர்கள். பன்றிக்கறி பச்சையாக வேண்டவே வேண்டாம்.

எப்படி மாற்றுவது? ஒரே நாளில் மாற்றலாமா?

கொடுத்ததெல்லாம் தின்னும் தெருக்குட்டி ஒரே நாளில் மாறும். மூன்று வருஷமாக ஒரே பிராண்டு உருண்டை தின்ற பெர்சியன் மாறாது. பூனைக்கு எது சாப்பாடு என்பது குட்டியாக இருக்கும்போதே மனதில் பதிந்துவிடுகிறது. அதற்கு உங்கள் கறி உணவே அல்ல, ஏதோ ஒரு ஈரமான பொருள். கிண்ணத்தை முகர்ந்துவிட்டு, தரையில் மண் இருப்பதுபோல் முன்னங்காலால் கிண்ணத்தைச் சுற்றிப் பறித்து மூடப் பார்க்கும். கோபப்படாதீர்கள்.

முதல் வேலை, நாள் முழுக்கக் கிண்ணத்தில் உருண்டை கிடக்கும் பழக்கத்தை நிறுத்துவது. காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை, தூங்கும் முன்பு கொஞ்சம். அரைமணி நேரம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். மொத்த அளவைக் குறைக்கவேண்டாம், நேரத்தை மட்டும் கட்டுப்படுத்துங்கள். சாப்பாட்டு நேரம் வந்தால் பசி வரவேண்டும், அது படிய ஒரு வாரம் ஆகும். பசி இல்லாத பூனையிடம் எந்தப் புது உணவும் செல்லுபடியாகாது.

பிறகு ஈர உணவுப் பாக்கெட். அதை ஏற்றுக்கொண்டால் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். அடுத்து அதில் ஒரு டீஸ்பூன் வேகவைத்த கோழியைப் பிய்த்துக் கலப்பது, மெல்ல மெல்ல அளவைக் கூட்டுவது. இந்த இடத்தில் நின்றுவிட்டால் என்னைப் பொறுத்தவரை நல்லது, சத்துப்பொடியைக் கலந்து அப்படியே தொடருங்கள். பச்சைக்குப் போகவேண்டும் என்பவர்கள் கறியை நாளுக்கு நாள் குறைவாக வேகவைத்துக்கொண்டே வரலாம்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கறியை அப்படியே வைத்தால் பூனை திரும்பிக்கூடப் பார்க்காது. அதன் கணக்கில் குளிர்ந்த இரை செத்து நாளான இரை. கறியை ஒரு கவரில் போட்டு முடிச்சிட்டு வெந்நீர்க் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் வையுங்கள். விரலில் வெதுவெதுப்பு தெரிந்தால் போதும், எலி உடம்பின் சூடு அதுதான். மைக்ரோவேவில் வைத்தால் ஓரம் வெந்து நடு குளிர்ந்து கிடக்கும். மேலே, அது வழக்கமாகத் தின்னும் உருண்டையில் நாலைந்தை அம்மியிலோ உரலிலோ பொடித்துத் தூவுங்கள். இந்தத் தூவல் தந்திரம் ஒன்று மட்டும் எத்தனையோ பிடிவாதக்காரப் பூனைகளை வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

பத்து நாளில் முடியும் பூனையும் உண்டு, நாலு மாதம் இழுக்கும் பூனையும் உண்டு.

பட்டினி போட்டால் தானாகத் தின்னும் என்கிறார்களே?

நாய்க்குச் சொல்லும் வைத்தியம் அது. பூனை இரண்டு மூன்று நாள் முழுதாகச் சாப்பிடாமல் இருந்தால், அதுவும் குண்டுப் பூனையாக இருந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் போய்க் குவிந்து ஈரல் செயலிழக்கும். காதும் ஈறும் மஞ்சளாகும். மூக்கு வழியாகவோ கழுத்தில் துளையிட்டோ குழாய் போட்டு வாரக்கணக்கில் உணவு செலுத்தித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கும். ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னவில்லை என்றால் உங்கள் திட்டத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பழைய உணவைக் கொடுங்கள். அதையும் தொடவில்லை என்றால் அது பிடிவாதமல்ல, நோய். மருத்துவரிடம் போங்கள்.

மாற்றும் மாதங்களில் வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளலாம். நாலு கிலோ பூனை ஒரு வாரத்தில் நூறு கிராமுக்கு மேல் இழந்தால் வேகம் அதிகம்.

மாறிய பிறகு மலம் வேறு மாதிரி இருக்கிறது. சில நாள் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறது.

மலம் சின்னதாக, இறுகலாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவது சகஜம். வெள்ளையாகி, உதிர்ந்து சுண்ணாம்புத் தூள் ஆனால் எலும்பு அதிகம். கறுத்துக் குழைந்தால் ஈரல் அதிகம். விடிகாலையில் மஞ்சள் நுரை பெரும்பாலும் வெறும் வயிற்றுப் பித்தம். இரவு கடைசி வேளையை இன்னும் கொஞ்சம் தாமதமாக வைத்தால் நின்றுவிடும். ரத்தம், காய்ச்சல், விடாத பேதி இருந்தால் கறியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், பச்சைக்கறி கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். கடுவன் பூனை மண்தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தும் சிறுநீர் வரவில்லை என்றால், என்ன உணவாக இருந்தாலும் சரி, அன்றைக்கே ஓடுங்கள். விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

பாதி உண்மை. மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் பல நாள் வைத்தால் நாடாப்புழு முட்டைப்பைகள், டாக்ஸோபிளாஸ்மா போன்றவை சாகும். சால்மொனெல்லா, ஈகோலை, லிஸ்டீரியா போன்ற பாக்டீரியாக்கள் சாகாது, தூங்கும். கறி இளகியதும் எழுந்துகொள்ளும். அடிக்கடி மின்சாரம் போகும் இடமென்றால் ஃப்ரீசரை நம்பவே முடியாது.

கறி வாங்கும்போதே பாதி தீர்மானமாகிவிடுகிறது. ஞாயிறு காலை பத்து மணிக் கூட்டத்தில் ஒரே கட்டையில், ஒரே கத்தியில், துடைக்க நேரமில்லாமல் நூறு கோழி வெட்டியிருப்பார்கள். வாரநாளில் கடை திறந்ததும் போங்கள். முழுக் கோழியாக வெட்டச் சொல்லி, இதயமும் ஈரலும் அதே கோழியினுடையதாகக் கேட்டு வாங்கி, நேரே வீட்டுக்கு வந்து ஒரு வேளை அளவுப் பொட்டலங்களாகக் கட்டி உறையவையுங்கள். கைமாவாக அரைத்துக் கொடுப்பதை வாங்காதீர்கள். வெளிப்பக்கம் இருந்த கிருமியை எல்லாம் உள்ளே கலப்பதுதான் அரைத்தல். இளக வைப்பது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மேடையில் அல்ல. கிண்ணம் எஃகு, ஒவ்வொரு வேளைக்கும் சோப்பு. சித்திரை வெயிலில் இருபது நிமிடம், அவ்வளவுதான். மிச்சம் குப்பைக்கு, தெருப்பூனைக்கு அல்ல.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்து அவசியம்.

பறவைக் காய்ச்சல் பூனைக்கு வருமா?

வரும், வந்தால் பிழைப்பது கடினம். 2023ல் போலந்திலும் தென் கொரியாவிலும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் தாக்கிப் பூனைகள் இறந்தன. 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் உறைந்த பச்சை வான்கோழி உணவைத் தின்ற வீட்டுப் பூனை இறந்து, அந்த உணவைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள். உறைந்த பொட்டலத்திலும் வைரஸ் உயிரோடுதான் இருந்தது. நம் நாட்டிலும் 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் வீட்டுப் பூனைகளிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அதை ஒட்டிய வாரங்களில்தான் நாக்பூர் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் புலிகளும் ஒரு சிறுத்தையும் இறந்தன.

2024 ஏப்ரலில் நடந்ததுபோல ஆலப்புழையில் வாத்துகளுக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தாலோ, கேரள எல்லையில் உள்ள வாளையார் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளுக்கு மருந்தடிக்கிறார்கள் என்று பார்த்தாலோ, அன்றிலிருந்து கோழி, வாத்து, காடை எதையும் பச்சையாகக் கொடுக்காதீர்கள். உள்வரை 74 டிகிரி எட்டும்படி வேகவைத்தால் வைரஸ் செத்துவிடும். பூனை திடீரெனச் சோர்ந்து, மூச்சு வாங்கி, கண் தெரியாததுபோல் தடுமாறினால் வெறும் கையால் தொடாமல் மருத்துவரை அழையுங்கள்.

வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார். பூனையை வெளியே விட்டுவிடச் சொல்கிறார்கள்.

பூனையை விடவேண்டாம், பச்சைக்கறியை விடுங்கள். டாக்ஸோபிளாஸ்மா முதல்முறை தொற்றிய பூனைதான் ஒன்று முதல் மூன்று வாரம் மலத்தில் அதன் முட்டைகளை வெளியேற்றும். அவை தொற்றும் நிலைக்கு வர குறைந்தது ஒரு நாளாவது ஆகும். மண்தட்டைத் தினமும் வேறு யாராவது சுத்தம் செய்தால் ஆபத்து வெகுவாகக் குறையும். சமைத்த உணவு தின்று வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனையை விட, கழுவாத கீரையும் அரைவேக்காட்டுக் கறியும்தான் கவலைப்பட வேண்டியவை.

பச்சைக்கறி ருசி கண்டால் பூனைக்கு மூர்க்கம் வருமா?

வராது. சாப்பாட்டு நேரத்தில் உங்கள் காலைச் சுற்றிக் கத்துவது கூடும்.

எங்கள் வீடு சைவம். கறியைத் தொடாமல் பூனை வளர்க்க முடியுமா?

முடியும், பூனையைச் சைவமாக்க முடியாது. கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ செய்துகொள்ளும் வசதி அதன் உடம்பில் இல்லை. பாலும் பன்னீரும் போதாது. நல்ல ஈர உணவுப் பாக்கெட்டைத் தனிக் கிண்ணம், தனிக் கரண்டியில் பால்கனியில் வையுங்கள். அதுவும் கூடாது என்றால் முயல் வளர்க்கலாம்.

மருத்துவர் பச்சைக்கறி என்றாலே திட்டுகிறார்.

அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012லேயே இதற்கு எதிராகக் கொள்கை வகுத்துவிட்டது. அவர் சொல்வதில் பிழையில்லை. சண்டை போடாமல், நீங்கள் கலக்கும் அளவுகளைத் தாளில் எழுதி எடுத்துப் போங்கள். சென்னையில் வேப்பேரி, நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி என்று பல்கலைக்கழக மருத்துவமனைகள் இருக்கின்றன, அங்கே ஊட்டச்சத்துத் துறையினரிடமே கேட்கலாம். ரத்தப் பரிசோதனைக்கு முன்பு கறி உணவு என்று சொல்லிவிடுங்கள். புரதம் அதிகம் தின்னும் பூனைக்கு யூரியா அளவு சற்று உயர்ந்து காட்டும், சிறுநீரகக் கோளாறு என்று தவறாக நினைக்க இடமுண்டு.

நாலு நாள் ஊருக்குப் போகவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கறியைத் தொடமாட்டார். என்ன செய்வது?

இதற்காகவே ஈர உணவுப் பாக்கெட்டையும் கொஞ்சம் உருண்டையையும் முழுதாக மறக்கவிடாமல் வைத்திருக்கவேண்டும். வாரத்தில் ஒரு வேளை பாக்கெட் உணவு என்று பழக்கிவைத்தால், ஊருக்குப் போகும்போதும், பறவைக் காய்ச்சல் வந்தாலும், பூனை ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தாலும் சிக்கலில்லை. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே பாக்கெட்டுக்கு மாற்றிவிடுங்கள், வயிறு பழகிக்கொள்ளும். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவியோடு மருத்துவரின் போன் நம்பரையும் கொடுத்து, 'ஒரு நாள் முழுக்கச் சாப்பிடலைன்னா எனக்கு உடனே போன் பண்ணுங்க' என்று சொல்லிவிட்டுப் போங்கள். காலி பாக்கெட்டுகளைத் தூக்கிப் போடாமல் வைக்கச் சொன்னால், எத்தனை வேளை தின்றது என்று வந்து எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.